தேறாத மாதிரிகள்

1981இல் வாஷிங்டனை ஒட்டிய ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் ஒரு விமானக் கொட்டகையைக் காலி செய்து 1,421 தட்டிகளை வரிசை வரிசையாக நிறுத்தினார்கள். வியட்நாம் போரில் மாண்ட அமெரிக்க வீரர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப நடந்த போட்டிக்கு வந்த வடிவமைப்புகள் அவை. ஒரு தட்டியிலும் பெயர் இல்லை, எண் மட்டும்தான். எட்டு நடுவர்கள் நடந்து நடந்து பார்த்து 1026ஆம் எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். அனுப்பியவர் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாயா லின். மண்ணுக்குள் இறங்கிப்போகும் அந்தக் கறுப்புக் கல்சுவரின் கதை ஊரறிந்தது.

மற்ற 1,420 பேர் என்ன ஆனார்கள்? அவர்களுடைய வடிவமைப்புகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவர்களில் ஒருவருக்கு மட்டும் விசித்திரமான இரண்டாம் வாய்ப்புக் கிடைத்தது. ஒரு நிலவடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து போட்டியிட்டு மூன்றாம் இடம் பெற்ற சிற்பி ஃப்ரெடரிக் ஹார்ட். லின்னின் சுவர் வீரர்களை அவமதிக்கிறது என்று ஒரு தரப்பு போர்க்கொடி தூக்கியது. அவர்களைச் சமாதானப்படுத்த, ஹார்ட் செய்த மூன்று வீரர்களின் வெண்கலச் சிலையை 1984இல் சுவருக்குச் சற்றுத் தள்ளி நிறுவினார்கள். ஹார்ட் தோல்வியிலிருந்து எதையோ கற்றுத் தன்னைத் திருத்திக்கொண்டதால் இது நடக்கவில்லை. வென்ற படைப்பைப் பிடிக்காதவர்களிடம் அதிகாரம் இருந்தது, அவ்வளவுதான்.

பொது இடங்களுக்குச் சிற்பம் செய்பவர்களிடையே ஓர் அறிவுரை தாராளமாகப் புழங்குகிறது: நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு முன்மொழிவும் ஒரு பாடம், அதைப் படித்துத் திருத்திக்கொண்டு அடுத்ததற்கு விண்ணப்பி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சில பெரிய சிற்பிகளின் வாழ்க்கை அதற்குச் சாட்சி சொல்லவும் செய்கிறது. ஆனால் அந்த வாழ்க்கைகளை உள்ளே புகுந்து பார்த்தால் பாடம் வேறு மாதிரி இருக்கிறது. நிராகரிப்பு, படைப்பைப் பற்றிச் சொல்வதைவிடக் கேட்டவர்களைப் பற்றியே அதிகம் சொல்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது பயன்பட்டிருக்கிறது. பிரிக்கத் தெரியாதவர்களை அது மழுக்கிவிடுகிறது.

முதலில் நடைமுறையைப் பார்த்துவிடலாம். 1959இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம், கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி செய்தது. பிறகு பல நகரங்கள் அதைப் பின்பற்றின. இன்று ஒரு நகராட்சிக்கோ விமான நிலையத்துக்கோ சிற்பம் வேண்டுமென்றால் அழைப்பு இரண்டு வகையில் வரும். ஒன்று, சிற்பியின் பழைய படைப்புகளின் படங்களையும் தகுதி விவரங்களையும் மட்டும் கேட்பது. இன்னொன்று, அந்த இடத்துக்கென்றே முழு முன்மொழிவு கேட்பது. முதல் சுற்றில் தேறிய மூன்று நான்கு பேர் இடத்தைப் போய்ப் பார்த்து, அளவெடுத்து, மாதிரி செய்து, அடித்தளம், போக்குவரத்து, காப்பீடு, விளக்கு, பராமரிப்பு என்று செலவுப் பட்டியல் போட்டு, பொறியாளரிடம் காற்றழுத்தக் கணக்கும் வாங்கி நடுவர் குழு முன்னால் நிற்க வேண்டும். வேலை ஒருவருக்கு. மற்றவர்களுக்கு நன்றி சொல்லி இரண்டு வரிக் கடிதம். ஏன் வேண்டாம் என்று அந்தக் கடிதத்தில் அநேகமாக இருக்காது.

காரணம் சொல்லாத கடிதத்திலிருந்து எதைக் கற்பது? அறிவுரைக்காரர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

சிற்பி இசாமு நொகுச்சியின் கதையை இதற்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நிராகரிப்பைப் பொறுத்தவரை இருபதாம் நூற்றாண்டில் அவரளவுக்கு அனுபவசாலி அபூர்வம். 1933இல் அவர் ஒரு விளையாட்டு மலையைக் கற்பனை செய்தார். ஊஞ்சலும் சறுக்குமரமும் நட்டுவைத்த தட்டையான முற்றம்தான் அன்றைய நியூயார்க்கில் பிள்ளைகளின் விளையாட்டிடம். நொகுச்சி நான்கு தெருக்களுக்கு நடுவே உள்ள மொத்த நிலத்தையும் சாய்த்து மலையாக்க நினைத்தார். ஒரு பக்கம் ஏறிப்போகப் படிகள். இன்னொரு பக்கம் கோடையில் நீர் வழிந்தோடும் சறுக்கு. பனிக்காலத்தில் சறுக்குவண்டி விட ஒரு சரிவு. கருவிகள் எதுவும் இல்லை, நிலமேதான் விளையாட்டுப் பொருள். 1934இல் நகரப் பூங்காத் துறையின் கமிஷனராகப் பொறுப்பேற்றிருந்த ராபர்ட் மோசஸிடம் அதைக் கொண்டுபோனார். மோசஸ் வாய்விட்டுச் சிரித்து அனுப்பிவிட்டதாக நொகுச்சி பிற்பாடு எழுதியிருக்கிறார்.

அப்போது அவருக்கு வயது 29. சிரிப்பில் பாடம் எதுவும் இல்லை. அடுத்த நிராகரிப்பில் இருந்தது. 1940 வாக்கில் ஹவாயின் அலா மோவானா பூங்காவுக்காக அவர் விளையாட்டுக் கருவிகள் வடிவமைத்தார். அங்கே அவை கைகூடாமல் போகவே நியூயார்க்கில் காட்டினார். பிள்ளைகள் விழுந்தால் அடிபடும் என்றது பூங்காத் துறை. முதல்முறையாக, உருப்படியான ஓர் ஆட்சேபம்! நொகுச்சி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். விழுவதற்குக் கருவியே இல்லாமல் செய்தால் என்ன? 1941இல் வந்த அடுத்த மாதிரியில் மேடும் பள்ளமும் வளைவும் மட்டுமே இருந்தன. மண்ணின் ஏற்ற இறக்கத்திலேயே ஓடி, உருண்டு, ஒளிந்து விளையாடலாம். வெறும் பிளாஸ்டர் பலகைதான் அது. மேலிருந்து பார்த்தால் கூர்மையான மூலை எதுவும் தென்படாத நிலப்பரப்பு.

இந்த ஒரு தாவலுக்காகவே ‘நிராகரிப்பிலிருந்து கற்றல்’ என்ற வழக்கத்துக்கு நல்ல மதிப்பெண் போடலாம். எதிராளி ஒரு குறையைப் பெயர் சொல்லிக் காட்டினார். சிற்பி சமரசத்துக்கு வேலி போடவோ ரப்பர் விரிக்கவோ இல்லை. தன் பழைய எண்ணத்தின் வேருக்கே போய், 1933இன் மலையில் ஏற்கெனவே இருந்த கருத்தை இன்னும் சுத்தமாக்கினார். உலகப் போர் வந்ததால் அதுவும் கட்டப்படவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1951-52இல் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தை ஒட்டி ஒரு விளையாட்டிடம் வடிவமைத்தார். ஆதரவாளர்கள் இருந்தார்கள், பணம் திரட்டவும் ஆள் இருந்தது. மோசஸ் மறுத்துவிட்டார். அந்த மாதிரியை நவீனக் கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்ததில் நொகுச்சிக்கு ஆறுதல் கிடைத்தது, பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1960களில் ரிவர்சைட் பூங்காவுக்காகக் கட்டடக் கலைஞர் லூயி கானுடன் சேர்ந்து இன்னொரு முயற்சி. மோசஸ் அப்போது பூங்காத் துறையில் இல்லை. என்றாலும் அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் எதிர்த்தார்கள்: புல்வெளி போய்விடும், கான்கிரீட் அதிகம், வெளியாட்கள் வருவார்கள். நொகுச்சியும் கானும் ஒவ்வொரு ஆட்சேபத்தையும் கேட்டுக் கேட்டு ஐந்து முறை திட்டத்தை மாற்றினார்கள், சுருக்கினார்கள். கடைசியில் வழக்கு, மேயர் மாற்றம். 1966இல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

1941இல் நடந்ததையும் ரிவர்சைடில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் நொகுச்சி கேட்டுக்கொண்டார், மாற்றினார். முதல் முறை ஆட்சேபம் படைப்பைப் பற்றியது, ஆகவே மாற்றம் படைப்பை வளர்த்தது. இரண்டாம் முறை, எதிர்ப்புக்கு உண்மைக் காரணம் வடிவத்தில் இல்லை. அந்தத் தெருக்காரர்களுக்கு அங்கே எதுவுமே வேண்டாம். வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டவரிடம் ஐந்து முறை திருத்திக் கொண்டுபோனாலும் பதில் ஒன்றுதான். இந்தத் திருத்தங்கள் எல்லாம் கற்றலா, அலைக்கழிப்பா? ஆறு வருட உழைப்பை வைத்துப் பார்த்தால் பின்னதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் அவர் வடிவமைத்த விளையாட்டிடம் ஒன்று கடைசியில் 1976இல் அட்லாண்டாவின் பீட்மான்ட் பூங்காவில் திறக்கப்பட்டது. விளையாட்டு மலை வர இன்னும் நாளாயிற்று. 1988இல் ஜப்பானின் சப்போரோ நகரம், குப்பை கொட்டி நிரப்பிவந்த மொயெரெநுமா என்ற சதுப்புப் பகுதியைப் பூங்காவாக்க அவரை அழைத்தது. ஏறக்குறைய 189 ஹெக்டேர். முழு நிலத்தையும் ஒரே சிற்பமாக நினைத்து அவர் பொதுத்திட்டம் தந்தார், அந்த ஆண்டு டிசம்பர் 30இல் காலமானார். பூங்கா முழுமையாகத் திறந்தது 2005இல். அதற்குள் 30 மீட்டர் உயரத்தில், ஒரு பக்கம் கற்படிகளோடு நிற்கிறது 1933இன் விளையாட்டு மலை.

எழுபது ஆண்டு தாண்டி வந்த இந்த வெற்றியைக் காட்டி, ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று முடித்துவிடுவது எளிது. பொறுத்தது மட்டும் போதவில்லை. சப்போரோவுக்குக் குப்பைமேட்டை மூட வேண்டிய தேவை இருந்தது, பெரிய நிலம் இருந்தது, கேள்வி கேட்காத நகர நிர்வாகம் இருந்தது. நொகுச்சி செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான், அது சாதாரணமானதும் அல்ல: தேறாத மாதிரிகளை அவர் தூக்கிப் போடவில்லை. படமெடுத்து வைத்தார், கண்காட்சிகளில் வைத்தார், சிலவற்றை வெண்கலத்தில் வார்த்தும் வைத்தார். தோற்ற முன்மொழிவையும் முடிந்த படைப்புக்குரிய மரியாதையோடு நடத்தினார். அதே 1933இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்காக அவர் வரைந்து யாரும் சீண்டாத மின்னல் வடிவம், 1984இல் பிலடெல்பியாவில் 101 அடி உயரத் துருப்பிடிக்காத எஃகுச் சிற்பமாக எழுந்ததற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம். இளம் சிற்பிகளுக்குச் சொல்வதற்கு இதைவிட உருப்படியான யோசனை இந்தத் துறையில் குறைவு.

தொழில்நுட்பத்தில் கற்றதற்கு இன்னும் துல்லியமான எடுத்துக்காட்டு கிறிஸ்டோ, ஜான்-க்ளோட் தம்பதி. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் நடைபாதைகள் நெடுகக் காவித் துணி தொங்கும் வாயில்களை நிறுத்தும் திட்டத்தை அவர்கள் 1979இல் தொடங்கினார்கள். 1981இல் பூங்காக் கமிஷனர் கார்டன் டேவிஸ் மறுத்தார். ஆனால் மோசஸ் மாதிரிச் சிரித்து அனுப்பவில்லை, ஒரு புத்தகம் அளவுக்கு அறிக்கை எழுதினார். இடம் சரியில்லை, காலம் சரியில்லை, அளவும் சரியில்லை என்பது அதன் சாரம். ஒரு விண்ணப்பதாரருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

அந்த மூன்றில் இரண்டை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முதலில் பத்தாயிரத்துக்கும் மேல் திட்டமிட்ட வாயில்களை 7,503 ஆக்கினார்கள். மரங்கள் நிறம் மாறும் இலையுதிர் காலத்தைக் கைவிட்டு, கூட்டம் குறைவான, இலையில்லாத மொட்டைக் கிளைகள் ஊடே காவி பளிச்சென்று தெரியும் பிப்ரவரிக்கு மாறினார்கள். எல்லாவற்றையும்விட, தரையில் குழி தோண்டிக் கம்பம் நடும் எண்ணத்தை விட்டார்கள். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் கனமான இரும்புக்கட்டை ஒன்று. தன் எடையிலேயே நிற்கும். நடைபாதையில் ஓர் ஓட்டைகூடப் போட வேண்டியதில்லை, மரவேரில் கடப்பாரை படாது. பூங்காவைக் காப்பவரின் கவலை, இரும்பின் எடையாக மாறி வடிவமைப்புக்குள் வந்து உட்கார்ந்தது. 2005 பிப்ரவரியில் 16 நாட்கள், 37 கிலோமீட்டர் நீளத்துக்கு வாயில்கள் நின்றன. இடத்தை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அதை விட்டிருந்தால் திட்டமே இல்லை.

என்றாலும் முழுப் பெருமையையும் கற்றலுக்குக் கொடுத்துவிட முடியாது. 1981இல் சென்ட்ரல் பார்க் சீரழிந்து கிடந்தது. 2003இல் அனுமதி கிடைத்தபோது அது புதுப்பிக்கப்பட்ட பூங்கா, மேயர் நாற்காலியில் திட்டத்தின் பழைய ஆதரவாளர் மைக்கேல் புளூம்பெர்க். இன்னொன்று, இந்தத் தம்பதி யாரிடமும் பணம் கேட்டு நிற்கவில்லை. திட்டத்துக்காகக் கிறிஸ்டோ வரைந்த ஓவியங்களையும் படங்களையும் விற்றே செலவுகளைப் பார்த்துக்கொண்டார்கள். பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தைத் துணியால் போர்த்தும் திட்டம் 1971இல் தொடங்கி மூன்று முறை மறுக்கப்பட்டு, 1994இல் 292க்கு 223 என்ற வாக்கில் அனுமதி பெற்று, 1995இல் நிறைவேறியது. அந்த 24 ஆண்டுகளும் அவர்களுக்கு வருமானம் நின்றுவிடவில்லை. மறுக்கப்பட்ட திட்டத்தின் படமும் விலைபோனது. தோல்வியைத் தாங்கிக் கற்பதற்கு இப்படி ஒரு முதுகெலும்பு வேண்டும், மாத வாடகைக்குத் திண்டாடும் சிற்பிக்கு அது கிடையாது.

தோல்வி படைப்பை இடம் மாற்றி உயர்த்திய ஒரு சம்பவமும் உண்டு. லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் காலியாகக் கிடந்த நான்காவது பீடத்துக்கு 2008இல் ஆறு பேர் இறுதிச் சுற்றில் இருந்தார்கள். ஈராக்கில் பொதுமக்கள் மீதான தாக்குதலில் நொறுங்கிய கார் ஒன்றைப் பீடத்தில் வைக்கலாம் என்றார் ஜெரமி டெல்லர். தேர்வானது சிற்பி ஆண்டனி கோர்ம்லியும் யிங்கா ஷோனிபாரேயும். அடுத்த ஆண்டு டெல்லர், பாக்தாதின் அல்-முத்தனப்பி தெருக் குண்டுவெடிப்பில் சிதைந்த காரை வண்டியில் கட்டி அமெரிக்காவின் குறுக்கே இழுத்துப்போனார். கூடவே ஓர் ஈராக்கியரும் ஓர் அமெரிக்க ராணுவ வீரரும். ஊர் ஊராக நிறுத்தி, வந்தவர்களோடு போரைப் பற்றிப் பேச்சு. 2010இல் அந்தக் கார் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பீடத்தில் ஏறியிருந்தால் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். சாலையில் நின்றதால் கேள்வி கேட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் நடுவர்கள் டெல்லருக்கு நல்லதுதான் செய்தார்கள் என்று தோன்றுகிறது.

இனி மறுபக்கம்.

நிராகரிப்பில் சிற்பத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் போவதுண்டு. மறுபடி நொகுச்சியே. ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குப் பலியானவர்களுக்கான நினைவிடத்தை வடிவமைக்கக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே அவரை அழைத்தார். பூமிக்கு அடியில் ஊன்றிய கால்களோடு கனமான கருங்கல் வளைவு ஒன்றை நொகுச்சி தந்தார். 1952இல் குழு அதை ஒதுக்கியது. குண்டு போட்ட நாட்டின் குடிமகன் அவர் என்பதுதான் உறுத்தல். தந்தை ஜப்பானியக் கவிஞர், தாய் அமெரிக்கர். பத்தாண்டுக்கு முன்பு அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த அரிசோனா முகாமுக்குத் தானாகவே போய்த் தங்கியவர் அவர். அமைதிப் பூங்காவை ஒட்டிய இரண்டு பாலங்களின் கைப்பிடிச் சுவர்கள் மட்டும் அவர் வடிவமைத்தபடி நிற்கின்றன. இந்த மறுப்பிலிருந்து ஒரு சிற்பி கற்க வேண்டியது என்ன? வேறு பெற்றோருக்குப் பிறந்திருக்க வேண்டும் என்பதா?

காரணமில்லாத இடத்தில் காரணம் தேடுவதுதான் ஆபத்து. போன தடவை உயரமாக இருந்தது, வேண்டாம் என்றார்கள். குட்டையாக்குவோம். போன தடவை கூர்முனை இருந்தது, மழுக்குவோம். கறுப்பு பிடிக்கவில்லையோ, நீலமாக்குவோம். இப்படி ஊகித்து ஊகித்துத் திருத்தியதன் பலனை உலகெங்கும் விமான நிலைய வாசல்களிலும் அலுவலக வளாகங்களிலும் பார்க்கலாம்: யாருக்கும் ஆட்சேபம் இல்லாத, யாரும் திரும்பிப் பார்க்காத பளபளப்பான உலோக வளைவுகள். அவை கற்றுத் தேர்ந்தவர்களின் படைப்புகள்தான். நடுவர் குழுவின் மனத்தைப் படிப்பதில் தேர்ந்தவர்கள்.

திருத்திக்கொள்வதா, எழுந்து போவதா என்ற கேள்வி ஒரே படைப்பில் இரண்டு பேருக்கு வந்தது பெர்லினில். ஐரோப்பிய யூதர்களின் படுகொலைக்கான நினைவிடத்துக்கு 1994இல் நடந்த முதல் போட்டிக்கு 528 வடிவமைப்புகள் வந்தன. தேர்ந்தெடுக்கப்பட்டதை மறு ஆண்டே ஜெர்மன் சான்சலர் ஹெல்முட் கோல் தடுத்துவிட்டார். 1997இல் இரண்டாம் சுற்று. சிற்பி ரிச்சர்ட் செர்ராவும் கட்டடக் கலைஞர் பீட்டர் ஐசன்மனும் சேர்ந்து, ஏறக்குறைய நான்காயிரம் கான்கிரீட் கற்பாளங்கள் நிற்கும் ஒரு பெருவெளியை முன்வைத்தார்கள். கோலுக்குப் பிடித்தது, ஆனால் குறைக்கச் சொன்னார். 1998இல் செர்ரா விலகிக்கொண்டார். ஐசன்மன் தங்கி, எண்ணிக்கையைக் குறைத்து, ஓரத்தில் மரங்களுக்கு இடம் விட்டார். 2005இல் 2,711 பாளங்களோடு திறக்கப்பட்டது. யார் செய்தது சரி? கட்டப்பட்டதை நடந்து பார்த்தவர்களுக்கு ஐசன்மன் பக்கம் சாயத் தோன்றும், நடுவில் போகப் போகப் பாளங்கள் தலைக்கு மேல் உயர்ந்து ஆளை விழுங்கும் அனுபவம் குறைந்தபிறகும் மிச்சமிருக்கிறது. ஆனால் கட்டப்படாத பெரியதை யாரும் நடந்து பார்க்கவில்லையே. ஒப்பிட வழியில்லாத இடத்தில் ‘திருத்தம் மேம்படுத்தியது’ என்று சான்றிதழ் கொடுப்பது அவசரம்.

அதே போட்டியின் முதல் சுற்றில் ஹோர்ஸ்ட் ஹோஹைசல் என்ற ஜெர்மானியக் கலைஞர், பிராண்டன்பர்க் வாயிலை வெடிவைத்துத் தகர்த்து, கல்லைப் பொடியாக்கி, அந்த இடத்தில் தூவிவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். எந்த அரசும் ஏற்காது என்று தெரிந்தே கொடுத்தது. ஓர் இனத்தின் அழிவுக்கு எதைக் கட்டி ஈடு செய்வீர்கள் என்ற கேள்வியை, மறுக்கப்படுவதன் வழியாகவே கேட்டார். நினைவுச்சின்னங்களைப் பற்றிய விவாதங்களில் இன்றும் அந்த முன்மொழிவு பேசப்படுகிறது. அவர் நிராகரிப்பிலிருந்து கற்கவில்லை, நிராகரிப்பைக் கருவியாகப் பிடித்துக்கொண்டார். இவருக்கு எந்தப் பயிலரங்கின் அறிவுரையும் பொருந்தாது.

கற்க மறுத்தவர்களில் மூத்தவர் பிரெஞ்சுச் சிற்பி ரோதான். நாவலாசிரியர் பால்சாக்கின் சிலையைப் பதினெட்டு மாதத்தில் தருவதாக 1891இல் ஒப்புக்கொண்டு ஏழு வருடம் எடுத்துக்கொண்டார். (கொடுத்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை ரோதானின் பக்தர்கள் மறந்துவிடுகிறார்கள்.) 1898இல் பிளாஸ்டரில் காட்சிக்கு வைத்ததும் எழுத்தாளர் சங்கம் வேண்டாம் என்றுவிட்டது. நீள அங்கியைப் போர்த்திப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும் உருவத்தில் அவர்களுக்கு எழுத்தாளர் தெரியவில்லை. ரோதான் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், சிலையை மூதோனில் இருந்த தன் வீட்டுக்கு எடுத்துப்போனார், அங்கியின் ஒரு மடிப்பைக்கூட மாற்றவில்லை. வேலை ஃபால்கியேர் என்ற சிற்பிக்குப் போனது. அவர் செய்த பால்சாக் 1902இலேயே பாரிஸில் வைக்கப்பட்டது, இன்று அதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. ரோதானுடையது அவர் இறந்து 22 ஆண்டு கழித்து, 1939இல் வெண்கலத்தில் மோன்பார்னாஸ் வீதிச் சந்திப்புக்கு வந்தது.

இதையும் ஒரு சூத்திரமாக்கிவிடக் கூடாது. பிடிவாதம் பிடித்து, மடிப்பை மாற்றாமல், மறக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாததால் ரோதானின் பிடிவாதம் ஞானமாகத் தெரிகிறது. நொகுச்சியின் பொறுமைக்கும் இதே கணக்குத்தான். ஜெயித்தவர்களின் பழைய தோல்விகள் மட்டுமே நமக்குக் கதையாக வந்து சேர்கின்றன. நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கும் அந்த 1,420 வடிவமைப்புகளை அனுப்பியவர்களில் எத்தனை பேர் கற்றார்கள், எத்தனை பேர் தொழிலையே விட்டார்கள் என்று கேட்டு யாரும் எழுதவில்லை.

கற்கும் பாரம் முழுவதும் சிற்பியின் தலையில் விழுவதுதான் இந்த வழக்கத்தின் பெரிய கோணல். மாதிரி செய்யும் செலவு அவருடையது. பொறியாளருக்குக் கொடுப்பதும் அவரே. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுக்காவது முன்மொழிவுக்கான கூலி கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கப் பொதுக்கலை அமைப்புகள் நெறிமுறை வகுத்திருக்கின்றன. அதை மதிக்கும் நகரங்கள் உண்டு, ‘வாய்ப்பே வெகுமதி’ என்று கைவிரிப்பவர்களும் உண்டு. பழைய படைப்புகளின் படம் கேட்கும் அழைப்புகளில் புதியவர்கள் முதல் சுற்றிலேயே கழிந்துவிடுகிறார்கள், அவர்களுடைய யோசனையை யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள். அந்த விதி 1981இல் இருந்திருந்தால் வகுப்புப் பாடத்துக்காகச் சுவரை வரைந்த மாணவி கொட்டகை வாசலையே தாண்டியிருக்க முடியாது.

லண்டன் நான்காவது பீடத்தின் ஏற்பாடு இந்த வகையில் கொஞ்சம் நேர்மையானது. இறுதிச் சுற்றுக்கு வந்த மாதிரிகள் அனைத்தையும் பொதுக் காட்சிக்கு வைத்து மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். 2012இல் அதுவரை வந்த மாதிரிகளை, தோற்றவற்றையும் சேர்த்து, ஒரே கண்காட்சியாகவும் வைத்தார்கள். தோற்றவரின் எண்ணமும் ஊரின் பேச்சுக்குள் வந்துவிடுகிறது. நம் பக்கம் சிலை என்றால் பெரும்பாலும் தலைவர் சிலைதான், திரை விலகும்வரை அதன் மாதிரியைப் பொதுமக்கள் பார்ப்பதே அபூர்வம். ஆகவே நம் சிற்பிகளுக்கு நிராகரிப்பிலிருந்து கற்கும் வாய்ப்பும் கம்மி.

கொடுப்பவர்களும் கற்க முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து ஓர் உதாரணம். 1980களின் பிற்பகுதியில் லீட்ஸ் நகரில், ரயில் பாதைகளுக்கு நடுவே சும்மா கிடந்த ஹோல்பெக் நிலத்தில் 36 மீட்டருக்கும் மேல் உயரமான செங்கல் மனிதன் ஒன்றை நிறுத்த ஆண்டனி கோர்ம்லி திட்டமிட்டார். உள்ளூரில் பலத்த எதிர்ப்பு. 1988இல் நகரமன்றம் அனுமதி மறுத்தது. கோர்ம்லி செங்கல்லை விட்டார், மாபெரும் மனித உருவத்தை விடவில்லை. 1990களில் கேட்ஸ்ஹெட் நகரமன்றம் அவரை அணுகியது. பழைய சுரங்கம் ஒன்றின் மேல், 20 மீட்டர் உயரத்தில், 54 மீட்டர் இறக்கையோடு, 200 டன் எஃகில் ஒரு தேவதை. இங்கேயும் எதிர்ப்பு லீட்ஸுக்குக் குறைந்ததாக இல்லை: விகாரம், வீண் செலவு, கார் ஓட்டுபவர்களின் கவனம் சிதறும் என்று பத்திரிகைகள் கிழித்தன.

வித்தியாசம் மன்றத்தில் இருந்தது. கேட்ஸ்ஹெட் 1980களிலிருந்தே பொது இடங்களில் சிற்பம் வைத்துப் பழகிய ஊர், திட்டுவதையும் கேட்டுப் பழகிய ஊர். தேவதை எழுவதற்கு இரண்டு வருடம் முன்பு, 1996இல், கோர்ம்லியின் பல்லாயிரம் சிறு சுடுமண் உருவங்கள் கொண்ட படைப்பை அங்கே ஒரு பழைய ரயில்வே பணிமனையில் வைத்தார்கள், மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து பார்த்தார்கள். சிற்பி யார், என்ன செய்கிறவர் என்பது பெரிய சிலை வருவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கு 160 கிலோமீட்டர் காற்றைத் தாங்க அடித்தளத்தை 20 மீட்டர் ஆழத்துக்குப் பாறைவரை இறக்கியது பொறியாளர்களின் வேலை. எதிர்ப்பு வந்தபோது பின்வாங்காமல் நின்றது மன்ற உறுப்பினர்களின் வேலை. 1998 பிப்ரவரியில் தேவதை நின்றது. செலவு எட்டு லட்சம் பவுண்டு. செங்கல் மனிதனின் மாதிரி லீட்ஸ் நகரக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.